எட்டு ஆள் வேண்டிய பியானோ

“பியானோவுக்கு ஒண்ணும் ஆகலையே?”

என் வாயிலிருந்து முதலில் வந்தது இந்தக் கேள்விதான். மேஸ்திரியின் வலது கால் அப்போது பியானோவுக்கு அடியில் மாட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒண்ணும் ஆகலைங்க சார்,” என்றார். அதற்குப் பிறகுதான் நான் குனிந்து அவருடைய காலைப் பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

வலங்கைமானில் வாடகை வீட்டிலிருந்த நாங்கள் தஞ்சாவூரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு கிளம்பிய சமயம் அது. மகள் எட்டாம் வகுப்பு. அவளுக்காகப் பழைய பங்களா ஒன்றிலிருந்து சல்லிசாக வாங்கிய பியானோ, ஆள் மார்பு உயரத்துக்குக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. திருச்சியிலிருந்து இதற்கென்றே இருக்கும் ஆட்களை வரவழைக்கலாம் என்றாள் மனைவி. அவர்கள் கேட்ட கூலியில் எனக்குக் காதடைத்துப்போயிற்று. வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? நேரே நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அங்கே மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி அவர். எங்கள் கோயில் திருவிழாவில் மாதா சப்பரத்தைத் தோளில் சுமக்கிறவர்களில் முன் தண்டு பிடிப்பவரும் அவர்தான். அந்த இடத்தை இருபது வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து பியானோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலையை லேசாகத் தூக்கி விட்டார்.

“மேல்பாரம் ஜாஸ்திங்க சார். படுக்க வைக்கவும் கூடாதுங்கறீங்க. சப்பரம் மாதிரி கம்பு கட்டி, நிக்க வச்சபடிதான் தூக்கணும். எட்டு ஆளு வேணுங்க.”

“மூட்டை தூக்குற ஆளுங்களுக்கு இது ஒரு கனமா மேஸ்திரி? நாலு பேர் போதாதா?”

அவர் தலையைச் சொறிந்தார். அவர் மகளுக்குக் கல்லூரி விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்து, கூடப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தவன் நான். என்னிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

“சரிங்க சார், பாத்துக்கலாம்,” என்றார்.

குட்டி யானை வண்டியில் வைக்கோல் பரப்பி, கயிறு போட்டு இறுக்கி, ஒரு கீறல் இல்லாமல் தஞ்சாவூர் வரை கொண்டுவந்துவிட்டார்கள். புது வீட்டு வாசலில் மூன்று படி. இரண்டாவது படியில் பின்னால் வந்தவருக்குச் சிமெண்டுத் தூள் வழுக்கிற்று. பியானோ ஒரு பக்கமாகச் சரிந்தது. மூட்டை என்றால் எல்லோரும் விட்டுவிட்டு விலகியிருப்பார்கள். ஆனால் சப்பரத்தை வழியில் தரையில் பட விடக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். தோள் நழுவினால் காலையாவது கொடுப்பார்கள். தோளில் கம்பு இருந்ததால் மேஸ்திரிக்கு அந்தப் பழக்கம்தான் வந்தது. விழுந்த மூலைக்குக் கீழே காலைக் கொடுத்துவிட்டார்.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. வைத்தியச் செலவை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். நாலு ஆள் போதும் என்றது யார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கால் கூடிற்று, ஆனால் கோணலாகக் கூடிற்று. சப்பரம் தூக்குகிறவர்கள் ஒரே மாதிரி அடிவைத்து நடக்க வேண்டும். ஒருவர் விந்தினாலும் மேலே மாதா சொரூபம் ஆடும். அடுத்த திருவிழாவில் அவரே முன் தண்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வெட்கமாக இருந்தது. அந்த வருஷம் உடம்பு சரியில்லை என்று சொல்லி நான் திருவிழாவுக்குப் போகவில்லை.

மகள் இரண்டு வருஷம் வாசித்தாள். பிறகு பரீட்சை, பிறகு பெங்களூரில் வேலை. போன வருஷம் பியானோவை ஒரு விடுதிக்காரருக்கு விற்றுவிட்டோம். எடுத்துப்போக எட்டுப் பேர் வந்தார்கள். நான் வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன்.

இந்த வருஷத் திருவிழாவில் மேஸ்திரியைப் பார்த்தேன். சப்பரத்துக்கு முன்னால், குறுக்கே தொங்கும் ஒயர்களை நீளக் கம்பால் தூக்கிவிட்டபடி விந்தி விந்தி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“நல்லா இருக்கீங்களா சார்? பாப்பா வாசிக்குதுங்களா?”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். “வாசிக்குது மேஸ்திரி,” என்றேன்.

மேஸ்திரி, சப்பரத்தின் முன் தண்டு பிடித்திருந்தவர் பக்கம் திரும்பினார்.

“சொன்னேன்ல, சார் வீட்டுப் பியானோ. நாலே பேரு எறக்கினோம்.”