செல்வியின் ஏழாவது பிழை

இராசம்மாவாகிய நான், பக்கத்துக் காம்பரா பாக்கியம், மாணிக்கம் கங்காணி, மரிய செல்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் இருந்தது இந்த நாலு பேர்தான். ஐந்தாவதாக ஒருவர் இருந்ததாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

போன மாதம் டிக்கோயாவிலிருந்து செல்வியின் மகள் போன் பண்ணி, "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றபோது நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவத் தோன்றவில்லை. பாக்கியமும் கங்காணியும் முன்னமே போய்ச் சேர்ந்தவர்கள். அந்த நாளைப் பார்த்தவளாக இனி நான் ஒருத்திதான் மிச்சம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விசயத்தில் பிழை இருக்காது.

எண்பதுகளின் நடுவில் செல்வி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. நாங்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் எங்கள் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். அந்த வருசம் ஹட்டன் டவுனில் சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார்கள். பதினாலு பேருக்கு ஒரே ஒரு பெட்டி. செல்வி பேர் கொடுத்துவிட்டு வந்தாள். லயமே சிரித்தது. "தொட்டில் ஆட்டுறவளுக்கு அது எதுக்குடி?" என்று நானும்தான் கேட்டேன். "தொட்டில் நின்னா பிள்ளை கத்துது, எங்க நின்னுச்சுன்னு நான் போய்ப் பாக்குறேன். அங்கேயும் அதே வேலைதாங்கா" என்றாள்.

பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். எல்லாம் தாளில்தான். செல்விக்கு ஏழு கேள்வி பிழை. படிப்பித்த சேர் சிவப்பு மையில் கோடு மட்டும் கிழித்திருந்தார், எதற்கு என்று எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் பிழை எங்கே, ஏன் என்று சொல்ல வேண்டும், சொல்லத் தெரியாதவர்களின் விண்ணப்பப் பாரத்தைப் பெரிய பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். செல்வியைப் பார்த்து, "உனக்குத்தான் பிள்ளை பார்க்கிற வேலை இருக்கே" என்று ஒரு சொல்லும் சேர்த்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாளோடு என் வாசலுக்கு வந்தாள். ஆறு பிழையை அவளே கண்டுபிடித்திருந்தாள். ஏழாவது மட்டும் பிடிபடவில்லை. பத்து எண் கொடுத்தால் அதில் சிறியது எது என்று பெட்டி சொல்ல வேண்டும். அதற்கு என்னென்ன கட்டளை போடுவாய் என்பதுதான் கேள்வி.

"அக்கா, நீங்கதான் பெட்டி. தாள்ல இருக்கிறதை மட்டும் செய்யணும். சொந்த புத்தியைக் காட்டக் கூடாது."

"அதுக்கு வேற ஆளைப் பாரு" என்றாள் பாக்கியம். "இவ என்னைக்கு வாய மூடிக்கிட்டு வேலை செஞ்சா?"

செல்வி முதல் கட்டளையைப் படித்தாள். "சிறிசுன்னு மனசுல சைபரை வச்சுக்கங்க." வைத்துக்கொண்டேன். "பாக்கியம் அக்கா நேத்து எத்தனை கிலோ?" பதினாலு. "பதினாலு சைபரைவிடச் சிறிசா?" இல்லை. "அப்ப விட்டுருங்க." அடுத்து என்னுடையது பதினேழு. அதுவும் இல்லை. இப்படி எங்கள் மலையில் பறித்த பத்துப் பேரின் கிலோவையும் சொல்லி முடித்தோம். "இப்ப சிறிசு எது?" என்றாள். சைபர் என்றேன். மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் சைபர். மூன்றாம் தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்டி, சைபர் கிலோ எடுத்தவ எவ? அப்படி ஒருத்தி மலைக்கே வரலையே!"

எங்கள் மாணிக்கம் கங்காணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொழுந்து நிறுக்கும்போது முதலில் கூடையோடு வந்தவளைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார். அவளைவிடக் குறைவாக ஒருத்தி வந்தால் முந்தியவள் போகலாம், வந்தவள் நிற்க வேண்டும். கடைசியில் நிற்கிறவள்தான் சிந்திய கொழுந்தையெல்லாம் பொறுக்க வேண்டும். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அதானே, மொதல்ல வந்தவளைத்தானே நான் நிக்க வைப்பேன். ஆளே இல்லாம எப்படிம்மா?"

செல்வி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குதித்தாள். "அக்கா! வராத ஒருத்தியைக் கொண்டுபோய் நிக்க வச்சுட்டேன்!" முதல் கட்டளையை அடித்துவிட்டு, முதலில் வரும் எண்ணையே சிறியதாக வைத்துக்கொள் என்று எழுதினாள். திரும்பச் செய்தோம். மூக்காயி, பதினொரு கிலோ. சனிக்கிழமை கொழுந்து பொறுக்கியவள் அவள்தான்.

அடுத்த சனிக்கிழமை நானும் கூடப் போய் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ஆறு பிழையையும் தடுமாறாமல் சொன்னாள். ஏழாவதற்குத் தராசையும் கங்காணியையும் சொன்னாள். "யார் சொல்லித் தந்தது?" என்றார் சேர். "எங்க இராசம்மா அக்காவும் மாணிக்கம் கங்காணியும்தான், சேர்." வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்துக்கொண்டே, சரியான விடை இதுதான் என்று பலகையில் எழுதினார். முதலில் சைபருக்குப் பதிலாக நூறு என்று வைக்க வேண்டுமாம்.

செல்வி உட்காரவில்லை. "சேர், பத்து எண்ணும் நூறுக்கு மேல இருந்தா? அப்பவும் வராதவதானே நிப்பா?"

சிரிப்பு நின்றுபோனது. சேர் எழுதியதைத் துடைத்துவிட்டு, செல்வியின் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோசத்தில் ஜன்னல் கம்பியைப் பிடுங்கிவிடலாம் போல இருந்தது.

பெரிய பரீட்சையில் அந்த வகுப்பிலேயே அவள்தான் முதல். பிறகு அவளே டவுனில் கம்ப்யூட்டர் படிப்பிக்கத் தொடங்கினாள். அவளிடம் படித்தவர்களுக்குத் தெரியும், தாளில் வெறும் கோடு கிழிக்க மாட்டாள். "கோடு போட்டா பிள்ளை அழும். காரணம் எழுதினா பிள்ளை படிக்கும்" என்பாள்.

அடக்கத்தன்று மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அந்தச் சேர் ஊன்றுகோலோடு எழுந்து பேசினார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்று தானே யோசித்துத் தராசுக் கதையைச் சொல்லிக்கொடுத்ததாகவும், செல்வி அதைப் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார். எனக்கு முழங்கால் வலி. ஆனாலும் எழுந்தேன்.

"சேர், அந்தக் கங்காணி பேரு என்னங்க?"

அவர் இருமினார். அவர் வாய் திறப்பதற்குள் பின்வரிசை வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து ஒரு குரல் வந்தது: "மாணிக்கம் கங்காணி!" திரும்பிப் பார்த்தேன். நரை விழுந்தவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், டை கட்டியவர்கள், எல்லாரும் செல்வியிடம் படித்தவர்கள். "சைபர் கிலோ எடுத்தவ எவன்னு கேட்டது யாரு?" என்றேன். கோயில் என்றும் பார்க்காமல் அத்தனை பேரும் சொன்னார்கள்: "இராசம்மா அக்கா!" தான் படிப்பித்த ஒவ்வொரு வகுப்புக்கும் எங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறாள். முப்பது வருசமாக. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த விடைத்தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. மகள்தான் கொண்டுவந்து தந்தாள். ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் காரணம் எழுதியிருக்கிறாள், அதன் கீழே எங்கள் மூன்று பேரின் பெயரும். பாக்கியம் பெயர்கூட. அதை வைத்துக்கொள்வேன். அன்றைக்கு வகுப்பில் சிரித்த பதின்மூன்று பேரையும் மன்னித்துவிட்டேன், அவர்கள் சின்னப் பிள்ளைகள். சவப்பெட்டிக்கு முன்னால் நின்று அவளுடைய பிழையையும் எங்களுடைய விடையையும் தனதாக்கப் பார்த்தவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் குணநாயகம்.