தலைவர் இல்லாதவர்களுக்கு ஒரு பெயர்

நானும் என் நண்பனும் சேர்ந்து மொழிபெயர்த்த புத்தகம், அட்டையில் போடப் பெயரில்லாமல் கிடந்தது. குளிர்தேசம் ஒன்றில், அரசும் வேண்டாம் தலைவரும் வேண்டாம் என்று கூடிய ஓர் அமைப்பின் வரலாறு அது. 'அராஜகம்' என்று போட்டால் நம் ஊரில் கடையை உடைத்த கும்பல் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே 'அரசில்லா' என்பது வரைக்கும் இருவரும் ஒத்துப்போனோம். அதற்கு அடுத்த சொல்லில்தான் மாட்டிக்கொண்டோம்.

அவன் 'சங்கம்' என்றான். தறிக்காரக் குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். நெசவாளர் சங்கம் கொடுத்த நூலை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. எனக்கோ சங்கம் என்றாலே பரவைப் பக்கம் எங்கள் ஊர்ச் சங்கக் கட்டடம் நினைவுக்கு வரும். அங்கே கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று, அது தலைவருக்கு. நிலமில்லாத கூலிக்காரராக இருந்த என் அப்பா எல்லாக் கூட்டத்திலும் கதவோரம் நின்றார். நான் 'கூட்டமைப்பு' என்றேன்.

"கவர்மென்ட் ஆபீஸ் போர்டு மாதிரில்ல இருக்கு மாப்ள" என்று சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் ஏதோ சொன்னேன். பேச்சு நின்றுபோனது. ஒரு சொல்லுக்காகவா என்று கேட்கலாம். ஒரு சொல்லுக்காகத்தான். ஆனால் அவன் குரல் கேட்காத சாயங்காலங்கள் எனக்குப் பிடிக்கவே இல்லை.

வேலை முடிந்து வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பலகைகள் மிதந்து போகும். மன்றம், பேரவை, கழகம். எல்லாவற்றிலும் ஒரு தலைவர் கைகூப்பிச் சிரிப்பார். தூக்கத்தில் கண் செருகும். எங்கள் புத்தகத்து மனிதர்கள் கம்பளிக் கோட்டோடு கோரிப்பாளையம் சந்திப்பில் ரோட்டைக் கடக்கத் தெரியாமல் நிற்பார்கள். அத்தனை வெயிலிலும் அவர்கள் தோளில் இருக்கும் பனி உருகாது. அதில் ஒரு பெண் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "எங்கள என்னன்னு கூப்பிடப் போறீக?" என்பாள், எங்கள் ஊர்த் தமிழிலேயே. நான் வாய் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார்.

வெளியீட்டு விழா நெருங்கியது. பேனர் டிசைனைப் பார்க்க இருவரும் வர வேண்டும் என்று பதிப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தல்லாகுளத்தில் அந்தக் கடையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான், இளைத்திருந்தான். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கடைக்காரப் பெண்மணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளுக்கொரு தலைப்பு அனுப்பிருக்கீங்க. இதுல தலைவர் படத்துக்கு வேற எடம் விட்ருக்கேன். அண்ணே, இவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"சேக்காளி" என்றேன். எங்கள் பக்கத்தில் சிநேகிதனுக்கு அதுதான் சொல். யோசிக்கவே இல்லை.

அவன் தலை நிமிர்ந்தான்.

"என்ன சொன்ன?"

"சேக்காளின்னேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா, ரெண்டையும் அழிச்சிருங்க. 'அரசில்லாச் சேக்காளிகள்'னு போடுங்க. தலைவர் படம் வேணாம்."

திரையில் அந்தப் பெயர் பெரிதாக வந்து நின்றது.

"இம்புட்டு நாளா இத எங்க மாப்ள வச்சிருந்த?"

"ஒன்கிட்டப் பேசாம இருந்தேன்ல" என்றேன்.