இருமலுக்கு எந்தக் கட்டம்?

போன செவ்வாய்க்கிழமை பைக்குக்கு சீட் கவர் மாற்ற காசிம் பாய் கடைக்குப் போயிருந்தேன். பசுமலையில் மெயின் ரோட்டை ஒட்டின கடை. ஒவ்வொரு பஸ்ஸும் வாசலில் புகையைக் கக்கிவிட்டுத்தான் நகரும்.

கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தார். பெயர் முத்துமாரி, பேரையூர் பக்கம். காற்று மாசால் வரும் நோய், அதனால் ஊருக்கு ஆகும் நஷ்டம் – இதை ரூபாயில் கணக்கிடும் ஆய்வாம்.

பாய்க்கு உடனே சந்தேகம். "எதுக்கும்மா? கடையைத் தூக்கப் போறாங்களா?"

எனக்கும்தான். இன்றைக்கு மூச்சுக்கு விலை போடுகிறவர்கள், நாளைக்கு பில் போட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

"இல்லண்ணே, நான் கேள்வி மட்டும்தான் கேப்பேன். கணக்குப் போடுறது வேற ஆளுங்க."

சந்தேகம் இன்னும் கூடியது!

"மூச்சுத்திணறலால இந்த வருஷம் எத்தனை நாள் கடையை மூடுனீங்க?"

"ஒரு நாள்கூட மூடல." பாய் குரலில் பெருமை.

முத்துமாரி பூஜ்யத்தைத் தட்டினார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பாயின் மனைவி ஆயிஷா அக்கா விருட்டென்று வெளியே வந்தார்.

"மூடலதான். இவருக்கு மூச்சு வாங்குற அன்னைக்கெல்லாம் தையல் மிஷின்ல உக்கார்றது யாரு? உலையில அரிசி போட்டதைக்கூட விட்டுட்டு ஓடியாரேன். அம்புட்டுப் புகையையும் நானும்ல குடிக்கிறேன்? இப்ப எனக்கும் இருமல் புடிச்சிருச்சு."

பாய் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "உனக்கா? எப்ப இருந்து?"

"நோன்புக்கு முன்னாடி இருந்து."

"சொல்லவே இல்லையே..."

"நீங்க இருமுற சத்தத்துல என் சத்தம் எங்க கேட்கும்?"

பாய் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்" என்றார், மெதுவாக.

முத்துமாரி தயங்கினார். "அக்கா, கடையில உங்களுக்குச் சம்பளம் உண்டா?"

"வீட்டுக்காரர் கடையில என்னம்மா சம்பளம்?"

"அப்ப இல்லத்தரசின்னுதான் போட முடியும். வேலை இழப்பு பூஜ்யம்னு வரும்..."

"எழுத முடியலேன்னா விடும்மா. ஆனா ஒண்ணுமே இல்லேன்னு மட்டும் எழுதாத."

முத்துமாரி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தார். ஆப் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. சூப்பர்வைசருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். நானும் குறுக்கே புகுந்து வாதாடினேன்.

"அதெல்லாம் நம்ம கணக்கு மாடல்ல வராது சார்" என்றார் சூப்பர்வைசர். ரொம்ப மரியாதையாகத்தான்.

இப்படி ஓர் ஆய்வின் முடிவு பேப்பரில் வரும்போது, கோடிக்கணக்கில் நஷ்டம் என்று படித்து வாயைப் பிளந்திருக்கிறேன். அந்தக் கோடியில் யாரெல்லாம் விட்டுப்போனார்கள் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா? இனிமேல் எந்தப் பெரிய எண்ணைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

கடைசியில் முத்துமாரி கீழே இருந்த ஏதோ ஒன்றை அழுத்தினார். பக்கம் நகர்ந்தது. "என்னம்மா போட்டே?" என்றேன்.

சங்கடத்தோடு வாசித்தார்: "பதில் சொல்ல மறுத்துவிட்டார்."