லா ரெயாத்தா

இக்னேசியஸ் அண்ணை கயிற்றில் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பாரிசவாதம் வந்து ஐந்து மாதம். வலது கை இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது. வயது எழுபத்தாறு, மன்னார்க்காரர், டோர்செட் பார்க்கில் பன்னிரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். விட்பியில் இருக்கும் மகள் மெலனி ஞாயிறுகளில் போன் எடுப்பாள். வாரத்தில் ஐந்து நாள் அவரைக் குளிக்கவார்த்துச் சாப்பாடு கொடுப்பது என் வேலை.

அன்று ஒரு நேர்ஸ் அவரை மதிப்பிட வந்திருந்தா. நினைவு தெளிவாக இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம், இல்லையென்றால் முதியோர் இல்லத்துக்குப் பெயர் போகும். அவருக்கு இப்போது ஆங்கிலம் தடுமாறுவதால் நான்தான் மொழிபெயர்த்தேன்.

கையில் இருப்பது என்னவென்று நேர்ஸ் கேட்டா.

“லா ரெயாத்தா,” என்றார் அண்ணை.

எனக்கு விளங்கவில்லை. இடைக்கிடை சொல் குழம்பும் என்று நானாகவே சொல்லிவிட்டேன். நேர்ஸ் அதை எழுதிக்கொண்டு போனா.

“நான் குழம்பினனானோ, தவமணி?”

“கயிறு எண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை. உதென்ன பாஷை?”

“ஸ்பானிஷ். அல்பேர்ட்டாவிலை ஒன்பது வருசம் மாட்டுப் பண்ணையிலை நிண்டனான். மாட்டுக்குச் சுருக்கெறியிற கயிறு இது. முதலாளி லரியட் எண்டுவான். என்னோட நிண்ட மெக்சிக்கோக்காரன் ரமோன் விழுந்து விழுந்து சிரிப்பான். அது அவங்கட சொல்லு. ரெயாத்தா எண்டாத்தான் கயிறு, ‘லா’ முன்னுக்கு வாற ஒட்டு. மாட்டுக்காரங்கள் ரெண்டையும் சேர்த்து ஒண்டாக்கிப்போட்டாங்கள். ரெயாத்தார் எண்டால் திருப்பிக் கட்டுறது. குதிரையளை ஒண்டுக்குப் பின்னால ஒண்டு தொடுத்துக் கட்டினவங்களாம்.”

“ஸ்பானிஷ் கதைப்பியளோ?”

“இங்கிலீசுக்கு முந்தி அதுதான் வந்தது. அங்கை என்னோட கதைச்சது அவன் ஒருத்தன்தானே. அவன் செத்து இருபது வருசம். பிறகு ஆரோட கதைக்கிறது?”

“மெலனிக்குத் தெரியுமோ?”

“அவள் கேக்கேல்லை.”

நானும் கேட்கவில்லை. அவருடைய சீனி, பிறஷர், மலம் போன நேரம் எல்லாம் என் கொப்பியில் இருக்கிறது. அல்பேர்ட்டா இல்லை.

அடுத்த நாள் காலை, கோட்டைக் கழற்றமுன் நேர்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் சரியாகத்தான் சொன்னார், ஸ்பானிஷில் சொன்னார், பிழை என்னுடையது என்றேன். வியாழக்கிழமை திரும்ப வருவதாகவும், மொழிபெயர்க்க வேறு ஆளைக் கூட்டிவருவதாகவும் நேர்ஸ் சொன்னா. அதுதான் முறை என்றேன். பிறகு அண்ணைக்குக் குளிக்கத் தண்ணீர் திறந்துவிட்டேன்.