தடிமனான புத்தகமாகப் பார்த்துக் கொடுங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளி முறுக்கு டப்பாவில் இன்னும் மிச்சமிருந்த ஒரு வாரத்தில், என் வீட்டுக்காரர் இனிமேல் டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று சொன்னார். நாங்கள் பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். வாரத்தில் மூன்று நாள் ஜார்ஜ் டவுனுக்குப் போய், அங்கே ஒரு மையத்தில் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். சிறுநீரகம் கெட்டதற்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதிதான் காரணம். அந்த வருடம் அதே இனிப்பு நீர் அவர் கண்ணையும் கொண்டுபோய்விட்டது.

அவர் ஃபெர்ரியில் கயிறு கட்டும் வேலை பார்த்தவர். அக்கரைப் பட்டர்வொர்த்துக்கும் எங்கள் பினாங்குத் தீவுக்கும் இடையே எத்தனை ஆயிரம் முறை போய் வந்திருப்பாரோ, அவருக்கே தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த மனிதர். பார்வை போனதும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"போதும்லா. கண்ணும் போச்சு. இனிமே அங்க போய்ப் படுத்து என்னா செய்யப் போறேன்?"

நிறுத்தினால் சில வாரங்கள்தான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவர் குரல் நின்றால் அப்புறம் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான். அழுதேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அவர் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான். "இன்னிக்கு மட்டும் வாங்க" என்று கெஞ்சி ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன்.

ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே, "மிஸ்ஸிய கூப்பிடு, கழட்டச் சொல்லு" என்று தாதியைக் கூப்பிடச் சொன்னார். அந்த மையத்தில், நோயாளிகள் விட்டுவிட்டுப் போன புத்தகங்களை அடுக்கிய அலமாரி ஒன்று உண்டு. சீனம், மலாய், ஆங்கிலம் எல்லாம் கலந்து கிடக்கும். அதில் தமிழில் கைக்கு அகப்பட்டதை உருவினேன். தேனீ வளர்ப்பைப் பற்றிய புத்தகம். எனக்குத் தேனீயைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

அதுவரை என் படிப்பு என்பது வாரப் பத்திரிகைத் தொடர்கதை, சமையல் குறிப்பு, ராசிபலன். அவ்வளவுதான். அவருக்கோ செய்தித்தாள் போதும். நாங்கள் இரண்டு பேரும் ஒரு முழுப் புத்தகத்தைத் தொட்டதே பள்ளிக்கூடத்தோடு சரி. அன்றைக்குப் பழைய ராணித் தேனீ கூட்டத்தோடு கூட்டை விட்டுக் கிளம்புகிற இடம் வந்தபோது, அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

"இதெல்லாம் உண்மையாவா?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"சரி, படி."

நான்கு மணி நேரமும் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்ததும், "அந்தத் தேனீ எங்க போச்சு, மிச்சத்தையும் படி" என்றார். புத்தகம் என் பையில்தான் இருந்தது. எங்கிருந்துதான் எனக்கு அந்த புத்தி வந்ததோ, "அத அங்கேயே வச்சுட்டு வந்துட்டேனே" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னைத் திட்டினார். அடுத்த முறை மறுபேச்சுப் பேசாமல் காரில் ஏறினார்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. புத்தகம் அந்த நாற்காலியில்தான். வீட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. தேனீ முடியப் போகிறது என்று தெரிந்ததும் அடுத்த புத்தகத்துக்கு எங்கே போவது என்று யோசித்தேன். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பது ஞாபகம் வந்து ஓடினேன். கடைக்காரர் என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டார்.

"தடியா இருக்கணும்ணே. அதுதான் முக்கியம்."

"கதவுக்கு முட்டுக் கொடுக்கவாக்கா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விவரத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பும் நின்றது. உள்ளே போய், தூசி தட்டி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். நான் பெயரைப் பார்க்கவில்லை, எழுதியவர் யாரென்று பார்க்கவில்லை. புத்தகத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தேன். இது ஒரு மாதம் வரும், இது அதைவிடக் கொஞ்சம் கூட வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். என் புருஷனின் ஆயுளைத்தான் அப்படி விரலால் அளந்துகொண்டிருந்தேன்.

அப்படி வந்த புத்தகங்கள் எங்களை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போயின. ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்த வரலாறு, பனிமலையைத் தனியாகக் கடந்த ஒரு பெண்ணின் பயணம், பாம்பு பிடிக்கிறவர் எழுதிய அனுபவம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஒரு மாலுமி எழுதிய புத்தகத்தைப் படித்தபோது மட்டும் இவர் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, "கயிற எவனாச்சும் அப்படிக் கட்டுவானா? இவன் கப்பல்ல ஏறினதே இல்ல" என்று தகராறு செய்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வேன்!

பக்கத்து நாற்காலியில் ஒரு சீன அங்கிள் படுத்திருப்பார். தமிழ் தெரியாது. நாங்கள் சிரிப்பதைப் பார்த்து, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் கதையைச் சுருக்கிச் சொன்னேன். அதன் பிறகு நான் ஒரு பக்கம் முடித்து மூச்சு வாங்கினால் போதும், "லெப்பாஸ் இத்து?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை என்று என் தொண்டை வற்றிப்போகும்.

கதைப் புத்தகம் மட்டும் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. "பொய்க்கதை வேணாம், நடந்தது படி" என்பார். ஆனால் ஒருமுறை மார்க்கெட் மாடியில் தடியாகக் கிடைத்தது ஒரு நாவல்தான். அட்டைகூட இல்லை. சின்ன ஊரில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்து ஓட்டிப் பிழைக்கிற ஒருவரும் அவர் மனைவியும்தான் கதை. இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாவது முறை, "அந்த பஸ்காரன் என்னா ஆனான்?" என்று அவரே ஆரம்பித்தார்.

பஸ்காரருக்கு உடம்பு முடியாமல் போனது. கதை போகிற போக்கு எனக்குப் புரிந்துவிட்டது. படித்துக்கொண்டே கண்ணை அடுத்த பக்கத்துக்கு ஓட்டினேன். ஆஸ்பத்திரி, படுக்கை, கடைசி மூச்சு. இதை நான் இவருக்குப் படித்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று பட்டது. அத்தனை பக்கத்தையும் சேர்த்துத் திருப்பிவிட்டு, அந்தப் பெண் விடியற்காலையில் பஸ்ஸைக் கழுவுகிற இடத்திலிருந்து படித்தேன்.

"பஸ்ஸ எதுக்கு இவ கழுவுறா? அவன் எங்க?"

"அவரு வெளியூரு போயிருக்காரு."

அவர் கையை நீட்டிப் புத்தகத்தைத் தடவிப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணுதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. நீ அஞ்சாறு பக்கத்த ஒண்ணா திருப்புன. செத்துட்டானா?"

நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"திரும்பிப் போய்ப் படி."

படித்தேன். எழுத்தெல்லாம் தண்ணீரில் மிதந்தது. நடுவில் நிறுத்தி நிறுத்தி, மூக்கைச் சிந்திச் சிந்தி, ஒரு வரி விடாமல் படித்தேன். அங்கிள் அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. மலாய் தேவைப்படவில்லை அவருக்கு. ஒரு தாதி வந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் நேரே போய்ப் படுத்துக்கொண்டார். இனி இவர் வரமாட்டார், நானே என் வாயால் படித்துக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த டயாலிசிஸ் நாள் காலையில் அவரை எழுப்பப் போனால் கட்டில் காலி. சட்டையை மாட்டி, செருப்பையும் போட்டுக்கொண்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார்.

"என்னங்க, இவ்வளவு சீக்கிரம்?"

"கிளம்பு. அந்தப் பொண்ணு என்னா ஆனான்னு தெரிய வேணாமா?"

நான் குனிந்து அவர் பொத்தானைச் சரியாகப் போட ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாகச் சொன்னார்.

"செத்தவன் கதை எனக்குத் தெரியும்லா. அவ கதைதான் தெரியல."

மீதிக் கதையில் அந்தப் பெண் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ரொம்ப நாள் பஸ்ஸைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் விற்றாள். ஒருநாள் டிக்கெட் எடுத்து அதே பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, அவன் தினமும் கடந்துபோன, அவள் ஒருமுறைகூடப் பார்த்திராத ஊரில் இறங்கி நடந்தாள். அத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. அவர், "வீட்டுக்குள்ளயே உக்காந்து கெடக்கல. அது போதும்" என்றார். ஊசி குத்தாத கையால் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். நிறுத்துகிறேன் என்ற பேச்சே வரவில்லை. கதையா நிஜமா என்றும் கேட்கவில்லை, எதுவாக இருந்தாலும் கேட்டார். கடைசியாக நாங்கள் படித்தது, நடுக்கடல் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டியவர்களைப் பற்றிய புத்தகம். கோபுரம் பாதி எழும்பியிருந்த சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. குழாய் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மையத்து அலமாரிப் புத்தகங்கள் சில என்னிடமே தங்கிவிட்டன. அந்தத் தேனீயும் அதில் ஒன்று. திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே வந்துவிடலாம் என்றுதான் ஒருநாள் போனேன். அவர் நாற்காலியில் யாரோ ஒரு தமிழ்ப் பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பார்க்க முடியாமல் திரும்பியபோது அங்கிள் கையைக் காட்டிக் கூப்பிட்டார். என் கையை இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தார்; ஒரு கையில் ஊசி இருந்ததால் முடியவில்லை. கண் கலங்கித் தலையை ஆட்டினார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி, அந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்தார்களா என்று மலாயில் கேட்டார்.

எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. ஆனால் புத்தகம் இன்னும் அந்தப் பையிலேயே இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு, நாங்கள் விட்ட பக்கத்தைத் தேடி எடுத்தேன். முதல் இரண்டு வரி குரலே எழும்பவில்லை. அவர் நாற்காலியில் இருந்த பெண் கண்ணைத் திறந்தாள்.

"கொஞ்சம் சத்தமா படிங்கக்கா" என்றாள்.

கோபுரத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ புத்தகங்களை அங்கே படித்து முடித்துவிட்டோம். இன்றைக்கும் மார்க்கெட் மாடிக்குப் போனால் என் விரல் தானாகப் புத்தகத்தின் தடிமனைத்தான் பிடித்துப் பார்க்கிறது. அந்தப் பொண்ணு என்ன ஆனாள் என்று அவர் கேட்டது எந்தப் பெண்ணைப் பற்றி என்று, அந்த முக்காலியில் உட்காரும்போதெல்லாம் எனக்குப் புரிகிறது.