கானுக்குள் இறங்கும் கால்

பிள்ளைகளே, உங்கள் அத்தை குளவி கொட்டிச் செத்தாள் என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் முழுசும் அது இல்லை.

என் தங்கச்சி வாய்க்காரி. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில், "என்னங்க கங்காணி, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டீங்களா? முள்ளு எங்க நிக்குதுன்னு நல்லாப் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள். கங்காணியே சிரித்துக்கொண்டு திருப்பி நிறுப்பார். பயம் என்று ஒன்று அவளிடம் இருந்ததாக நான் நினைத்ததே இல்லை.

அன்றைக்கு மேல் மலையில் குளவிக்கூடு கலைந்துவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். இவள் தேயிலைக்குள் விழுந்து மாட்டிக்கொண்டாள். நான் ஃபெக்டரியிலிருந்து ஓடி வந்தபோது அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் அவள் புருஷன். நான் கால்மாட்டில் பிடித்தேன். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. மூச்சு இழுத்தது. லிந்துலை ரோட்டுக்குப் போனால்தான் ஆட்டோ கிடைக்கும். அதுவரைக்கும் கல் ரோடு.

பாதி வழியில் பின்னால் தோட்டத்து மேனேஜருடைய ஜீப் சத்தம் கேட்டது. கம்பளிக்குள்ளிருந்து அவள்தான் சொன்னாள்.

"அண்ணே, ஓரமா நில்லுங்க. தொர வர்றாரு."

நாங்கள் யோசிக்கவில்லை. கால்கள் தானாக ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கின. மச்சான் ஒரு கையால் கம்பளியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தலைத்துண்டை அவிழ்த்தார். நாங்கள் வரிசையாக மறைத்து நின்றதில், உள்ளே ஆள் இருப்பது துரைக்குத் தெரிந்திருக்காது. எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஜீப் புகை அடங்கிய பிறகுதான் ஒருவன், "நிப்பாட்டியிருக்கலாமேடா" என்றான். ஓடத் தொடங்கினோம்.

எங்களை யாரும் அடித்துப் பழக்கவில்லை, பிள்ளைகளே. துரை வரும்போது குடையை மடக்காதவனுக்கு அடி விழுந்தது என் தாத்தா காலத்தில். எனக்கு ஏச்சுக்கூட விழுந்ததில்லை. ஜீப் சத்தம் கேட்டால் அப்பா என் தோளைப் பிடித்து ஓரத்துக்கு இழுப்பார், அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. சட்டிச் சத்தத்துக்கு வாலாட்டும் நாய்க்காவது கடைசியில் சோறு கிடைக்கும்.

பெரிய ரோட்டில் ஆட்டோவை மறித்தபோது அவளுக்கு மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் துரை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர். முகம் கலங்கியிருந்தது. தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வரும்.

"ஏன் ஜீப்ப நிப்பாட்ட இல்ல? நான் கொண்டு போறதானே?"

அவர் சொன்னது பொய்யென்று நினைக்க நான் எவ்வளவோ முயன்றேன். நினைக்க முடிந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவரைக் கண்டதுமே சாவு வீட்டில் இருந்த எல்லோரும் எழுந்துவிட்டோம். அவள் கையைப் பிடித்தபடி தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மச்சானும், அந்தக் கையை மெதுவாகப் பாயில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.