படையலில் வைத்த சிகரெட்

அண்ணே, இன்றைக்கும் ஓடினேன். குற்றாலம் ரோட்டில் மேலகரம் வருவதற்குள் எத்தனையோ தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். பின்னால் உன் மொபெட் சத்தம் இல்லை.

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டயர் கடையில் பஞ்சர் ஒட்டும்போது கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது. பையில் ஒன்றும் இல்லை என்று கைக்கும் தெரியும். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். படுத்தால் கால் ஆடுகிறது. "ஏலே, கட்டிலு கிடுகிடுங்கு. சும்மா கெடயேன்" என்று அம்மா சத்தம் போடுகிறாள். பிறகு அவளே எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள்.

இந்த ஓட்டத்தை டாக்டர் உனக்குத்தான் சொன்னார். நுரையீரல் படத்தைக் காட்டிவிட்டு, சிகரெட் நினைப்பு வந்தால் கொஞ்ச நேரம்தான் பாடாய்ப் படுத்தும், அந்த நேரம் காலுக்கு வேலை கொடு, நட, முடிந்தால் ஓடு என்றார். உன்னால் தெருமுனை வரைக்கும் நடக்க முடியவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"எனக்குச் சொன்னத நீ செய்யிலே. நீயும்தான ஊதுத?"

"நீ விடு, நானும் விடுதேன்."

சிரித்தாய். சிரிப்பு இருமலாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே மொபெட்டை எடுத்துவிட்டாய். நான் முன்னால் குற்றாலம் ரோட்டில் ஓட, நீ பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தாய். "என்னலே, சினை மாடு கணக்கா வருத? நிக்காத, நிக்காத!" டீக்கடையில் நின்ற ஆள் ஒருவர், "என்ன, தம்பிய போலீசு செலக்சனுக்கு ரெடி பண்ணுதியளா?" என்று கேட்டார். "ஆமா அண்ணாச்சி, இவன ஏட்டையாவா ஆக்கிட்டுத்தான் மறுவேலை" என்றாய். எனக்கு மூச்சு முட்டியது. சிரிக்கவும் முடியவில்லை.

கடையில் நினைப்பு வந்தால் ஓட முடியாதே. டயருக்குப் பக்கத்தில் நின்று தோப்புக்கரணம் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்கு நேந்துக்கிட்டியாலே?" என்றார். போட்டு முடிப்பதற்குள் அந்த நினைப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும். அப்படித்தான் நான் விட்டேன்.

நீ விடவில்லை. குற்றாலம் போனதும் நான் அருவியில் தலையைக் கொடுப்பேன். நீ சிப்ஸ் கடைக்குப் பின்னால் போவாய். திரும்பி வரும்போது வாயில் மிட்டாய் மணக்கும். நான் கேட்க மாட்டேன். நீயாகவே, "நாளைலருந்து பாருலே" என்பாய். உன் கண் கலங்கியிருக்கும். விட முடியவில்லையே என்று நீ எவ்வளவு தவித்தாய் என்று எனக்குத் தெரியும்.

சாரல் தொடங்கின வாரம் உன் மூச்சு நின்றது.

உனக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லாததால் நான்தான் கொள்ளி வைத்தேன். பதினாறாம் நாள் உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். பரோட்டா, சால்னா, நேந்திரங்காய் சிப்ஸ். சித்தப்பா ஒரு சிகரெட்டையும் வைத்தார்.

"சும்மா வச்சா அவன் எப்படிக் குடிப்பான்? பத்த வச்சு வையிலே. கொள்ளி வச்ச கைதான் வைக்கணும்."

விளக்கில் காட்டினேன். நுனி கருகி அணைந்தது. மறுபடியும் காட்டினேன். மறுபடியும் அணைந்தது.

"வாயில வச்சு ஒரு இழுப்பு இழுத்துக் குடுலே. ஒனக்கா குடிக்க? ஒங்கண்ணனுக்குத்தான."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதட்டில் வைத்தேன். சரியாகப் பற்றாத சிகரெட்டுக்கே அவ்வளவு வாசம். நாக்கில் தண்ணீர் ஊறியது. ஒரே ஒரு இழுப்பு, அண்ணே. அதுவும் உன் பேரில். இழுத்திருந்தால் சாயங்காலம் நானே கடைக்குப் போய்ப் பாக்கெட் வாங்கியிருப்பேன்.

சிகரெட்டை இலையில் வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். மொட்டைத் தலை, புது வேட்டி, காலில் செருப்பு கூட இல்லை. "ஏலே, எங்கலே ஓடுத?" என்று யாரோ கத்தினார்கள். மழையா சாரலா தெரியவில்லை, முகமெல்லாம் நனைந்தது.

மேலகரத்தில் பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. உன் வண்டிச் சத்தமேதான். திரும்பவில்லை. திரும்பினால் வேறு யாராவது இருப்பார்கள்.

"நில்லுலே! எனக்கு இந்த வண்டிய நிறுத்தத் தெரியல!"

சித்தப்பா. என்னைத் தாண்டிப் போய், ரெண்டு காலையும் தரையில் தேய்த்து ஒரு வழியாக நின்றார்.

"வா, வந்து ஏறு. ஒம்மதினி அந்தச் சனியனை இலையிலருந்து எடுத்து வீசிட்டா. 'அவுக விட முடியாமத்தான தவிச்சாக, போன எடத்துலயும் எதுக்கு குடுக்கிய'ன்னு என்னைய ஏசுதா." வேட்டி நுனியால் ஹேண்டில்பாரைத் துடைத்தார். "எனக்குத் தோணலயே, லே."

நான் வண்டியில் ஏறவில்லை. திரும்பி வீட்டைப் பார்த்து ஓடினேன். அவர் தட்டுத்தடுமாறிப் பின்னாலேயே வந்தார்.

மதினி சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். இங்கே எனக்கு ரோடு இருக்கிறது, தோப்புக்கரணம் இருக்கிறது. அங்கே உனக்கு அந்த நினைப்பு வந்தால் என்ன செய்வாய்?

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, விளக்கேற்றும்போது எங்கள் அண்ணனுக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவனுக்கு அங்கே சிகரெட் நினைப்பே வரக்கூடாது. தெருமுனை தாண்டி மூச்சு வாங்காமல் நடக்கிற மாதிரி ஒரு நெஞ்சைக் கொடு என்று கேளுங்கள்.